இஸ்தோப்பில் ஒரு செரெங்கெட்டிக் கிளி

தலவாக்கலைப் பக்கம் சித்தி வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், ஒரு கூடு தொங்கியது. உள்ளே ஒற்றைக் கிளி. பச்சை உடம்பு, செம்மஞ்சள் முகம், பவள நிற அலகு, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டதுபோல வெள்ளை வளையம். கண்டியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஆறேழு மாதம் அந்த லயத்தையே கூச்சலால் நிறைத்தது. ஆடி மாத அடைமழையில் ஒரு காலை கூட்டின் அடித்தட்டில் சுருண்டு கிடந்தது. "ஆப்பிரிக்கா வெயில்ல பொறந்த குருவி, நம்ம குளிரத் தாங்குமா?" என்றார் சித்தப்பா. எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அந்தத் தீர்ப்பு தவறு என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அந்தக் கிளி ஃபிஷர் என்ற ஆப்பிரிக்க லவ் பேர்ட். அதன் சொந்த ஊர் தன்சானியாவின் வடக்கு, விக்டோரியா ஏரிக்குத் தெற்கும் தென்கிழக்கும் விரியும் மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து 1100 முதல் 2200 மீற்றர் வரை உயர்ந்த வெளி அது. நம் மலையகத்தில் ஹட்டன் சுமார் 1270 மீற்றர், பண்டாரவளை 1200க்குச் சற்று மேல், நுவரெலியா 1868. உயரத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கிளி சொந்த ஊருக்கு வந்ததுபோலத்தான் தலவாக்கலைக்கு வந்திருக்கிறது. அந்த மேட்டுநிலத்துச் செரெங்கெட்டிச் சமவெளியில் இரவு வெப்பம் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவதும் உண்டு. குளிர் அதற்குப் புதிதல்ல. அப்படியானால் அதைக் கொன்றது எது? மலையகத்தில் இந்தக் கிளியை வளர்க்கிற ஒவ்வொரு வீடும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். பதுளையிலோ ஹட்டனிலோ "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் பெரும்பாலும் வேறொரு பறவையைத்தான் காட்டுவார்கள். முதுகில் வரிவரியாகக் கோடுகளும் நீண்ட வாலும் கொண்ட அது அவுஸ்திரேலியாவின் பட்ஜரிகர். நம்மூரில் அந்தப் பெயரை அது எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. நிஜமான லவ் பேர்ட்ஸை "ஆப்பிரிக்கன்" என்று அடைமொழி சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. பெயர் மாறியதோடு போனால் பரவாயில்லை. பட்ஜரிகருக்குப் பழகிய கை, அதே மண்முட்டியையும் அதே தினையையும் அதே சிறு கூட்டையும் ஆப்பிரிக்கனுக்கும் கொடுத்துவிடுகிறது. சிலர் இரண்டையும் ஒரே கூட்டில் விடுகிறார்கள். ஆப்பிரிக்கனின் அலகு மிகப் பலமானது, தன் இடத்தைக் காக்கும் மூர்க்கமும் அதற்கு அதிகம். பட்ஜரிகரின் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும், கொன்றும் விடும். இரண்டையும் ஒருபோதும் சேர்த்து வைக்கக் கூடாது.

உயிரியலில் இந்தப் பேரினத்தின் பெயர் அகபோர்னிஸ். கிரேக்கத்தில் அன்பு, பறவை என்ற இரு சொற்களின் சேர்க்கை. மொத்தம் 9 இனங்கள். எட்டு ஆப்பிரிக்கப் பெருநிலத்தில், ஒன்று மடகஸ்கரில். நம் கடைகளுக்கு வருபவற்றில் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துச் செம்முகக் கிளியும், தன்சானியாவின் கருமுகக் கிளியும், சித்தி வீட்டில் இருந்த ஃபிஷர் கிளியும் முக்கியமானவை. குஸ்தாவ் ஃபிஷர் என்ற ஜெர்மன் ஆய்வுப் பயணியின் பெயரைத் தாங்கிய இந்தக் கடைசி இனத்தை 1887இல் அன்டன் ரைஷனோவ் அறிவியல் உலகுக்கு விவரித்தார். நீளம் 14, 15 சென்ரிமீற்றர். நிறை 43 முதல் 58 கிராம் வரை, ஏறத்தாழ ஒரு கோழிமுட்டை அளவு. இந்த நிறையை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

காட்டில் இது ஒருபோதும் தனியாக இருப்பதில்லை. வேலமரங்களும் பெருத்த அடிமரம் கொண்ட பாவோபாப் மரங்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாய் நிற்கும் புல்வெளியில் சிறு கூட்டங்களாகப் பறந்து திரியும். புல் விதை, வேல விதை, சிறு பழங்கள் உணவு. சோளமும் தினையும் விளையும் காலத்தில் வயலில் இறங்கும். அதனால் அந்த ஊர் விவசாயிக்கு இதன்மேல் பாசம் கிடையாது. தினமும் தண்ணீர் குடித்தாக வேண்டும், ஆகவே நீர்நிலையை விட்டு வெகுதூரம் போகாது. பட்ட மரப்பொந்துகளில் கூடு கட்டும். பெட்டை 3 முதல் 8 முட்டைகள் இட்டு, சுமார் 23 நாள் அடைகாக்கும். அதுவரை ஆண் வெளியே போய்த் தின்று வந்து அதற்கு ஊட்டும். பொரித்த குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியே வர மேலும் ஐந்தாறு வாரம் ஆகும்.

அதன் வாழ்நிலத்தில் பனையின் நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனைகளும் நிற்கின்றன. அதைப் படித்தபோது எனக்கு அன்றில்தான் நினைவுக்கு வந்தது. பனைமரத்தில் சோடியாய் வாழும், துணையைப் பிரிந்தால் உயிர் தரிக்காது என்று நம் பழம்பாடல்கள் சொல்லும் அன்றில். லவ் பேர்ட்ஸைப் பற்றி நம் வீடுகளில் சொல்லப்படுவதும் அதே கதைதான்: ஒன்று செத்தால் மற்றதும் செத்துப்போகும். பாடலுக்கு அது அழகு. இந்தக் கிளியைப் பொறுத்தவரை உண்மை வேறு. சோடி சேர்ந்தால் நீண்ட காலம் பிரியாமல் இருக்கும், ஒன்றின் தலையை மற்றது மணிக்கணக்கில் கோதிவிடும். துணையை இழந்தால் சோர்ந்துபோகும், சரியாகத் தின்னாமலும் இருக்கும். ஆனால் பொருத்தமான இன்னொரு துணை கிடைத்தால் மெல்ல அதனோடு சேர்ந்து வாழும். "துணை போயிருச்சு, இனி இதுவும் போயிரும்" என்று கைவிட்டுவிடுவதால்தான் பல கிளிகள் நிஜமாகவே போய்விடுகின்றன.

இந்த அழகே அதற்கு ஆபத்தாகவும் வந்தது. 1970களிலும் 1980களிலும் தன்சானியாவிலிருந்து ஃபிஷர் கிளிகள் வலைபோட்டுப் பிடிக்கப்பட்டுப் பெரும் தொகையாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. 1987இல் உலகச் சந்தையில் மிக அதிகமாக விற்கப்பட்ட காட்டுப் பறவை இதுதான். தன்சானியா 1992இல் ஏற்றுமதியை நிறுத்தியது. அதே ஆண்டு அமெரிக்காவும் காட்டுப் பறவை இறக்குமதியைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் நிரந்தரமாகக் கதவடைத்தது. அதற்குள் காட்டில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் பட்டியலில் இது இன்றைக்கும் அச்சுறுத்தலை நெருங்கிய இனம். இன்னொரு தொல்லையும் உண்டு. கென்யாவின் நைவாஷா ஏரிப் பக்கம் தப்பியும் விடப்பட்டும் பெருகிய ஃபிஷர் கிளிகள், அதேபோல அங்கே வந்துசேர்ந்த கருமுகக் கிளிகளோடு கலந்து, எது எந்த இனம் என்று பிரிக்க முடியாத கலப்புக் கூட்டமாகிவிட்டன.

இன்று உலகெங்கும் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் கூட்டிலேயே பிறந்து பல தலைமுறை கண்டவை. அதற்குச் சான்று அவற்றின் நிறங்களே. காட்டில் ஃபிஷர் கிளி பச்சைதான். கடையில் நீலம், மஞ்சள், வெள்ளை என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். நீல வகை 1957இல் தென்னாபிரிக்காவில் கூட்டில் பிறந்தது. நீலக் கிளியைக் காட்டி "இது காட்டில் பிடிச்சது, ரொம்ப அரிது" என்று யாராவது விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

இந்தக் கிளிக்கு நம் மலையடிவாரத்திலேயே ஓர் உறவினர் இருக்கிறார். இதுவரை எழுதியதில் என்னை மிகவும் நெகிழ வைத்த செய்தி இதுதான். சிங்களத்தில் கிராமலித்தா என்பார்கள், தமிழில் இலங்கைத் தொங்கும் கிளி. இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. சுமார் 13 சென்ரிமீற்றர், பச்சை உடம்பு, சிவந்த உச்சி, சிவந்த பின்முதுகு. வௌவால்போலத் தலைகீழாகத் தொங்கியபடி தூங்கும். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த அறிவியலாளர்கள், ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸுக்கு மிக நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்காவின் வேறு கிளிகள் அல்ல, ஆசியாவின் இந்தத் தொங்கும் கிளிகள்தான் என்று கண்டார்கள். இஸ்தோப்புக் கூட்டிலிருக்கும் ஃபிஷரும், தோட்டத்து மரத்தில் பூத்தேன் உறிஞ்சும் கிராமலித்தாவும் பங்காளிகள்.

மரபணு ஆய்வுக்கு வெகுகாலம் முன்பே ஒரு பழக்கம் இந்த உறவைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கூட்டுக்கு வேண்டிய இலை, பட்டைத் துண்டுகளைப் பெரும்பாலான பறவைகள் அலகில் கவ்விக்கொண்டு போகும். தொங்கும் கிளிகள் அவற்றைப் பின்முதுகு இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும், நம் பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகுவது போல. செம்முக லவ் பேர்ட்டும் அப்படியே செய்யும். ஆனால் ஃபிஷர் அலகில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோகும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்ஜர் இந்த இரண்டையும் இணைத்துக் கலப்புக் குஞ்சுகளை வளர்த்தார். 1962இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் விலங்கு நடத்தை வகுப்புகளில் சொல்லப்படுகிறது. கலப்புக் கிளி கடதாசியைக் கத்தரித்தாற்போல நீளத் துண்டாக்கும், முதுகில் செருக முயலும், செருகியதை அலகு விடாது, அல்லது செருகியது நழுவி விழும். மறுபடியும் முயலும். அலகிலேயே கொண்டுபோவதுதான் பலிக்கும் என்று கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆயின. கற்ற பிறகும் பறப்பதற்கு முன் தலையை முதுகுப் பக்கம் திருப்பும் அசைவு மட்டும் மிச்சமிருந்தது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த இரு பழக்கங்கள் ஒரே உடம்புக்குள் இழுபறிப்பட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனையை நான் அறியேன்.

சரி, தலவாக்கலைக்குத் திரும்புவோம். உயரம் ஒன்றுதான் என்றால் வேறுபாடு எங்கே? ஈரத்தில். செரெங்கெட்டிப் பக்கம் மாதக்கணக்கில் நீளும் வறட்சி உண்டு. குளிர்ந்த இரவும் உலர்ந்திருக்கும், விடிந்ததும் வெயில் வரும். நம் மேற்குச் சரிவில் மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வட்டவளையில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஒரு வாரம் முழுக்கச் சூரியனைப் பாராமல் கொழுந்து கிள்ளியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கம்பளி காயாது, சுவர் வியர்க்கும், அரிசிப் பையில் பூஞ்சணம் பிடிக்கும்.

பறவைக்கு இறகுதான் கம்பளி. இறகுகளுக்கு இடையே அடைபட்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது. சாரலிலும் மூடுபனியிலும் இறகு ஈரமானால் அந்தக் காற்று போய்விடும். முட்டை அளவு நிறைகொண்ட உடம்பு, பெரிய உடம்பைவிட வெகு சீக்கிரம் சூட்டை இழக்கும். இஸ்தோப்பு இரு பக்கமும் திறந்த இடம், காற்று ஊடே பாயும். உலர்ந்த 12 பாகைக் குளிரைத் தாங்கக்கூடிய கிளி, நனைந்த 16 பாகையில் நடுங்கிச் சாகும். சித்தி வீட்டுக் கிளிக்கு நேர்ந்தது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

வெயில் இல்லாமல் போவதும் ஒரு தனிக் கேடு. நேரடி வெயிலிலுள்ள புறஊதாக் கதிரால்தான் உடம்பு விற்றமின் டி செய்கிறது, அது இருந்தால்தான் கல்சியம் சேரும். கண்ணாடி யன்னல் வழியாக வரும் வெளிச்சம் அதற்கு உதவாது. மழைமாதத்தில் முட்டையிடும் பெட்டைக்குக் கல்சியம் போதாமல் ஓடு மெலிந்து, முட்டை வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடுவதுண்டு. வாலை ஆட்டி ஆட்டி முக்கிக்கொண்டு, இறகை உப்பவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தால் அது "தூக்கம்" அல்ல. உடனே சூடான, அமைதியான இடத்தில் வைத்து மிருக வைத்தியரைத் தேட வேண்டும், மறுநாள் வரை காத்திருந்தால் பிழைக்காது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் விலங்கு வைத்தியசாலை இயங்குகிறது என்பது மலையகத்தில் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. கணவாய் ஓட்டைக் கூட்டில் எப்போதும் செருகி வைப்பதும், மழை விட்ட நேரமெல்லாம் கூட்டை வெளியே கொண்டுபோய் அரை மணிநேரமாவது வெயில் காட்டுவதும், மழைக்காலத்தில் முட்டையிட விடாமல் முட்டைப்பெட்டியை எடுத்துவிடுவதும் செலவில்லாத காப்பு.

அந்தப் பெட்டியைப் பற்றியும் ஒன்று. வறண்ட நாட்டில் இந்தக் கிளி பச்சைப் பட்டையையும் குச்சியையும் கொண்டுபோய் அடுக்குவதால் பொந்துக்குள் முட்டைக்கு வேண்டிய ஈரம் சேர்கிறது. இங்கே காற்றே ஈரமாயிருக்க, அதே பச்சைக் குச்சிகளைப் பெட்டி நிறையக் கொடுத்தால் பூஞ்சணம் கிளம்பும். பூஞ்சண வித்துக்கள் பறவையின் நுரையீரலில் பிடிக்கும் நோய் குணமாக்கக் கடினமானது. உலர்ந்த ஓலை, வைக்கோல் கொஞ்சம் போதும். பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் ஆடி ஆவணியில் உலர்காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏறுகிற அந்தக் காலமே அங்கே குஞ்சு எடுக்கவும் தோதான காலம். மேற்குச் சரிவில் இருப்பவர்கள் தை, மாசி வரை காத்திருக்கலாம், இரவுக்குளிருக்கு மட்டும் கூட்டை மூடி உள்ளே வைத்தால் போதும்.

உள்ளே வைப்பது என்றால் எங்கே? லயக் காம்பராவில் சூடான இடம் அடுப்படிதான், அதனால் கூட்டை அங்கே மாட்டுகிறார்கள். அன்பால் செய்கிற பெரிய பிழை இது. பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகள் பல இணைந்திருக்கின்றன, காற்று ஒரே திசையில் ஓடி நம் நுரையீரலைவிட நன்றாகப் பிராணவாயுவை எடுக்கிறது. நஞ்சையும் அதே வேகத்தில் எடுக்கும். விறகுப்புகை அதை மெல்ல மெல்ல அழிக்கும். ஒட்டாத பூச்சுள்ள சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால் எழும் ஆவி சில நிமிடங்களில் கொன்றுவிடும். நுளம்புச் சுருளும் அப்படியே ஆகாது. அடுப்பில்லாத அறையில், காற்றோட்டத்துக்கு நேர் எதிரே இல்லாத உட்சுவரில், மூன்று பக்கம் துணி மூடி வைத்தால் போதும்.

தீனி விஷயத்தில் நம் ஊரில் கிடைப்பதே நிறைய. தினை, சாமை, குரக்கன், கொஞ்சம் சூரியகாந்தி விதை. விதை மட்டும் தின்று வளரும் கிளிக்குக் கொழுப்பு கூடும், விற்றமின் ஏ குறையும். ஆகவே கரட், முருங்கைக்கீரை, பிஞ்சுச் சோளக்கதிர், முளைகட்டிய பயறு தினமும் வேண்டும். நுவரெலியாத் தோட்டத்து மரக்கறிக்கு மருந்து அடிப்பது நமக்குத் தெரியும், நன்றாகக் கழுவாமல் கொடுக்காதீர்கள். லீக்ஸும் வெங்காயமும் கூடாது. வீட்டுக்கு வீடு காய்க்கும் ஆனைக்கொய்யா, அதாவது அவகாடோ, கிளிக்கு நஞ்சு. பிளேன்டீயில் தோய்த்த பாண் துண்டை ஆசையாக ஊட்டும் தாத்தாக்களை நான் பார்த்திருக்கிறேன். தேயிலையிலுள்ள கஃபீன் இந்தச் சிறு இதயத்துக்கு ஆகாது. தாத்தாவின் மனம் நோகாமல் கையில் ஒரு சோளமணியைக் கொடுத்துவிடுங்கள்.

தனிமையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒற்றைக் கிளி மனிதரோடு நன்றாக ஒட்டும் என்பது உண்மை. ஆனால் காலையில் பெரட்டுக்கும் மலைக்கும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எல்லோரும் போய்விடுகிற வீட்டில், கூட்டத்தில் வாழப் பிறந்த உயிர் பத்து மணிநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தன் இறகைத் தானே பிடுங்கித் தோல் தெரிய நிற்கும் கிளிகளைக் கண்டிருப்பீர்கள். வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். ஃபிஷரில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். "சோடி" என்று விற்றவை இரண்டும் பெட்டையாக இருந்து, பெட்டி நிறைய முட்டையிட்டு ஒன்றும் பொரிக்காமல் போவது சாதாரணம். இறகு கொடுத்து மரபணுச் சோதனை செய்தால்தான் உறுதி. குஞ்சு வேண்டாதவர்களுக்கு அதுவும் தேவையில்லை, துணை இருந்தால் சரி. நன்றாகப் பார்த்தால் 10 முதல் 15 வருடம் வாழும். பிள்ளை ஆறாம் வகுப்பில் கேட்டு வாங்கியது, பிள்ளை படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் கூட்டில் இருக்கும் என்று நினைத்து வாங்க வேண்டும்.

எச்சம் காய்ந்து தூசியாகப் பறக்கும்போது கிளிக்காய்ச்சல் என்ற பற்றீரியா நோய் மனிதருக்கும் தொற்றலாம். சிறிய அறையில் குழந்தையும் வயதானவர்களும் இருந்தால், கூட்டைக் கூட்டிப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் வீட்டில் கிளி இருப்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வளர்க்க முடியாமல் போனவர்கள் சிலர் "காட்டுல போய் நல்லா இருக்கட்டும்" என்று கூட்டைத் திறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இரண்டு நாளில் பருந்துக்கோ பூனைக்கோ மழைக்கோ போய்விடும். போகாமல் பிழைத்துப் பெருகினால் இன்னும் மோசம். நைவாஷாவில் நடந்ததைப் பார்த்தோம். இங்கே மரப்பொந்துகளுக்கு ஏற்கெனவே உரிமையாளர்கள் இருக்கிறார்கள், கிராமலித்தாவும் லயார்ட் கிளியும். இரண்டுமே இந்தத் தீவுக்கே உரியவை, 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவற்றைப் பிடித்து வளர்ப்பது குற்றம். வளர்க்க முடியாத ஆப்பிரிக்கனை, வளர்க்கத் தெரிந்த இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள்.

கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் காலையில் கூர்மையான சீழ்க்கை ஒன்று தலைக்கு மேலே வேகமாகக் கடந்து போகும். அண்ணாந்து பார்ப்பதற்குள் பச்சைப் புள்ளியாகிவிடும். அது பூமரத்தில் இறங்கும் வரை பொறுமையாக நின்றால், தலைகீழாகத் தொங்கி ஒரு பூவை உருட்டிப் பார்க்கும் அந்தச் சிவப்பு உச்சியைக் காணலாம். சித்தி வீட்டில் இப்போது மறுபடியும் இரண்டு ஃபிஷர் கிளிகள் இருக்கின்றன. கூடு இஸ்தோப்பிலிருந்து உள்ளறைக்கு வந்துவிட்டது. இந்த ஆடி மழையிலும் அவை கத்துகிற கத்தலில் தொலைபேசியில் சித்தி பேசுவது எனக்குக் கேட்கவில்லை.